பயிர்களின் உட்கணக்கும் குடியானவரின் விதைக்கணக்கும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாற்றின் கரையை அடுத்துள்ள கலசப்பாக்கத்திலும் அதனைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சாகுபடியாகும் பயிர்களை ஒரு குடியானவர் வரிசையாக நினைத்துப் பார்ப்பாராயின், அவை இரண்டு வகுப்பாகப் பிரிந்து நிற்பதைக் காண்பார். நெல், கேழ்வரகு, கம்பு, எள், நிலக்கடலை ஆகியவை விதையினால் விருத்தியாகின்றன. கரும்பு கரணையினாலும், வாழை பக்கக்கன்றினாலும், பட்டுப்புழுவிற்கு இரையாகும் மல்பெரி குச்சியினாலும், கறவை மாடுகளுக்காக வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் தண்டுக் கரணையினாலும் விருத்தியாகின்றன. இதனை வழக்கம் என்று கொண்டு, காரணம் ஆராயாமல் விட்டுவிடுவதே இயல்பு. ஆயினும் இவ்வழக்கத்திற்குத் தக்க காரணம் உண்டு. அதனை அறியாமையால் பொருள் நஷ்டமும் கால நஷ்டமும் நேரிடுகின்றன.

இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கும் குடியானவர் ஒருவர், தமது கிணற்றடியில் வைத்த ஒட்டுப்புல் செழித்து வளர்ந்து கதிர் விட்டதைக் கண்டு மகிழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரணை வெட்டிச் சுமந்து நடுவதைக் காட்டிலும் விதை தூவுவது எளிதென்று எண்ணி, புல்லை அறுக்காமல் முற்றவிட்டு, கதிர்களைச் சேகரித்து உலர்த்தி, அடுத்த பட்டத்தில் கால் ஏக்கர் நிலத்தை உழுது பண்படுத்தித் தெளிக்கிறார். தண்ணீரும் பாய்ச்சுகிறார். இருபது நாட்கள் கழித்துப் பார்த்தால் முளைத்திருப்பது களையேயன்றிப் புல் அன்று. முற்றவிட்டதால் ஓர் அறுப்பு போயிற்று, உழவுக்கூலி போயிற்று, கோடையில் மாட்டிற்குப் பசுந்தீவனம் இல்லாமற்போய், வைக்கோலை விலைக்கு வாங்க நேர்ந்தது, பாலும் குறைந்தது. அவர் மண்ணை நொந்துகொள்வார், நீரை நொந்துகொள்வார், கரணை கொடுத்தவரையும் நொந்துகொள்வார். குற்றம் இவற்றில் எதனிடத்தும் இல்லை. அப்புல்லின் உடலினுள்ளே இருக்கும் ஒரு கணக்கே அதற்குக் காரணம். அக்கணக்கு இன்னதென்று இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

உயிரணுவினுள் உள்ள இழைகள்

செடியாயினும் விலங்காயினும், அதன் உடல் கண்ணுக்குப் புலப்படாத சிறு அறைகளால் கட்டப்பட்டது. இவ்வறைகளுக்கு உயிரணுக்கள் என்று பெயர். ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் ஒரு கரு உண்டு. முளைக்கும் விதையின் வேர்நுனியை நறுக்கி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடிக் கருவியின் கீழ் வைத்துப் பார்த்தால், பிரியும் தறுவாயில் உள்ள உயிரணுக்களின் கருவில் சாயம் பிடித்த சிறு இழைகள் தென்படும். இவற்றிற்கு 1888-ஆம் ஆண்டில் வால்டேயர் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி குரோமோசோம் என்று பெயரிட்டார். செடியின் உயரம், இலையின் அகலம், மணியின் நிறம், நோய் தாங்கும் வலிமை முதலிய குணங்களைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கொண்டுசெல்பவை இவ்விழைகளே.

ஒவ்வொரு ஜாதிக்கும் இவ்விழைகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டுள்ளது. மனிதனுக்கு 46, நெல்லுக்கு 24, மக்காச்சோளத்திற்கு 20, கம்பிற்கு 14, எள்ளிற்கு 26. உருவம் பெரிதாயின் எண்ணிக்கையும் பெரிதாயிருக்கும் என்று கொள்ளலாகாது. மேற்கண்ட எண்கள் யாவும் இரட்டைப்படையாயிருத்தல் கவனிக்கத்தக்கது. நெல்லின் 24 இழைகளில் 12 மகரந்தத்தின் வழியாகத் தந்தையிடமிருந்தும், 12 சூலின் வழியாகத் தாயிடமிருந்தும் வந்தவை. இந்தப் பன்னிரண்டும் சேர்ந்தது ஒரு தொகுதி. ஆகவே நெல்லில் இரண்டு தொகுதிகள் உள்ளன.

தொகுதி என்பதன் பொருளை ஆரணிப் பட்டுத்தறியைக் கொண்டு எளிதில் உணரலாம். சேலையின் கரையிலும் முந்தானையிலும் பூவேலை அமைப்பதற்காகத் தறியின்மேல் ஜக்கார்டு பெட்டியைப் பொருத்தி, துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து மாலைபோலத் தொங்கவிடுகின்றனர். எந்தப் பாவிழை மேலெழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று ஒவ்வோர் அட்டையிலும் உள்ள துளை கட்டளையிடுகிறது. மாலை முழுவதும் ஒருமுறை ஓடினால்தான் பூ முழுமையாக விழும். நடுவில் இரண்டு அட்டை குறைந்தாலும், ஓர் அட்டை மிகுந்தாலும் பூ கெட்டுப்போகும். குரோமோசோம்களின் ஒரு தொகுதி அத்தகைய ஒரு முழு மாலைக்கு ஒப்பாகும். பெரும்பாலான செடிகள் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு மாலைகளை வைத்துக்கொண்டு வாழ்கின்றன. இவற்றை இருமடியச் செடிகள் என்பர். மூன்று தொகுதி உள்ளவை மும்மடியம். நான்கு தொகுதி உள்ளவை நான்மடியம். இரண்டிற்கு மேற்பட்ட தொகுதிகளை உடைய நிலைமைக்குப் பொதுவாகப் பன்மடியம் என்று பெயர்.

இணை சேர்தலும் பங்கு பிரிதலும்

செடி பூக்கும் காலத்தில் மகரந்தமும் சூலும் உண்டாகின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் முழு எண்ணிக்கையும் சேர்ந்துகொண்டே போகுமாயின், இழைகளின் தொகை இரட்டித்துக்கொண்டே போகும். அவ்வாறு நேராதிருக்க, மகரந்தத்திற்கும் சூலிற்கும் பாதிப் பங்கே செல்லும்படி இயற்கை ஏற்பாடு செய்துள்ளது. அப்பங்கு பிரியுமுன், தந்தைவழி வந்த ஒவ்வோர் இழையும், தாய்வழி வந்த தன் இணையைத் தேடி அருகில் நிற்கிறது. பின்னர் இணையில் ஒன்று இப்புறமும் மற்றொன்று அப்புறமுமாகப் பிரிகின்றன. இதனால் ஒவ்வொரு மகரந்தத்திற்கும் குறைவில்லாத ஒரு முழுத் தொகுதி கிடைக்கிறது.

ஏர் பூட்டும் குடியானவருக்கு இது விளங்காததன்று. இரண்டு மாடுகளாயின் ஒரு நுகம் பூட்டலாம். நான்கு மாடுகளாயின் இரண்டு நுகம் பூட்டலாம். மூன்று மாடுகள் இருப்பின் ஒன்று வெறுமனே நிற்கும். மும்மடியச் செடியின் கதியும் இதுவே. ஒவ்வோர் இழைக்கும் மூன்று பேர் இருப்பதால், இருவர் இணைந்தபின் மூன்றாமவர் இணையின்றித் தவிக்க, பங்கு பிரியுங்கால் அது இப்புறமோ அப்புறமோ தோன்றியபடி போய்விழுகிறது. ஒரு மகரந்தத்திற்கு இரண்டு இழை கூடுதல், மற்றொன்றிற்கு நான்கு இழை கூடுதல் என்று கணக்கு தாறுமாறாகிறது. அட்டை கலைந்த மாலையில் பூ விழாததுபோல, அத்தகைய மகரந்தத்திலும் சூலிலும் விதை பிடிப்பதில்லை. செடியின் உடல் வளர்ச்சிக்கு மட்டும் இதனால் இடையூறு இல்லை. ஏனெனில் தண்டும் வேரும் இலையும் வளர்வதற்கு இணை சேர்தல் வேண்டுவதில்லை. மும்மடியச் செடி செழித்து வளரும், பூக்கவும் பூக்கும், விதை மட்டும் தராது.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்

மேலே கூறிய குடியானவரின் புல் இவ்வகையைச் சேர்ந்தது. கம்பு 14 இழைகளை உடையது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டதும் யானைப்புல் என்று வழங்குவதுமாகிய நேப்பியர் புல் 28 இழைகளை உடையது. கம்பின் மென்மையும் ருசியும் நேப்பியரின் விரைந்து தழைக்கும் தன்மையும் ஒருங்கே அமையும்பொருட்டு இவ்விரண்டையும் கலந்து ஒட்டுப்புல் உண்டாக்கினர். இந்தியாவில் கோயம்புத்தூரிலும் புதுடில்லியிலும் இவ்வேலை நடைபெற்றது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4, கோ-5 ஆகிய ரகங்கள் இன்று பல கிராமங்களில் பரவியுள்ளன.

இவ்வொட்டுப்புல்லிற்குக் கம்பினிடமிருந்து கிடைத்தது 7, நேப்பியரிடமிருந்து கிடைத்தது 14, ஆகமொத்தம் 21. ஒற்றைப்படையாகிய இந்த எண்ணே விதை பிடியாமைக்குக் காரணம். குதிரைக்கு 64 இழைகளும் கழுதைக்கு 62 இழைகளும் இருக்க, அவ்விரண்டிற்கும் பிறந்த கோவேறு கழுதை 63 இழைகளோடு பாரம் சுமந்து உழைத்து, சந்ததியின்றி மடிகிறது. ஒட்டுப்புல்லும் புல்லினத்துக் கோவேறு கழுதையே எனலாம்.

விதை பிடியாதது இங்கே தோஷமன்று, அனுகூலமே. விதை உண்டாக்குவதில் செலவாகாத சத்து தழையாக நிற்கிறது. மேலும், தண்டிலிருந்து முளைக்கும் புல் தாய்த்தூரின் குணத்தைச் சற்றும் மாறாமல் கொண்டிருக்கும். ஆகையால் நன்கு முற்றிய தண்டுகளை இரண்டு கணுவுள்ள கரணைகளாக வெட்டி, 60 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள பார்களில் 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நடவேண்டும். இக்கணக்குப்படி ஏக்கருக்கு ஏறத்தாழ 13,500 கரணைகளும், கால் ஏக்கருக்கு ஏறத்தாழ 3,400 கரணைகளும் வேண்டும். நட்ட 75 முதல் 80 நாட்களில் முதல் அறுப்பும், பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறை அடுத்தடுத்த அறுப்புகளும் எடுக்கலாம். இப்புல்லைத் தனியாகக் கொடாமல், மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனம் கலந்து கொடுத்தல் மாட்டிற்கு நலம். விதை தூவியே தீவனம் வளர்க்க விரும்புவோர் கோ.எஃப்.எஸ்-29 என்னும் தீவனச் சோளத்தைத் தெரிந்துகொள்ளலாம். அது விதையினாலேயே பயிராவது.

வாழையின் சங்கதி

மனிதன் அறிந்து செய்யாமலே, இயற்கையில் உண்டாகி அவன் கைக்கு வந்த மும்மடியம் வாழை. காட்டுவாழை 22 இழைகளை உடையது. அதன் பழத்தில் சதை சிறிதும், பல்லை உடைக்கும் கரிய விதை மிகுதியுமாக இருக்கும். ஏ என்று குறிக்கப்படும் காட்டினம் ஒன்றும், பி என்று குறிக்கப்படும் காட்டினம் மற்றொன்றுமாக இரண்டிலிருந்தே இன்றைய தோட்ட வாழைகளில் மிகப் பெரும்பாலானவை தோன்றின என்பதை சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு ஆகிய இருவரும் 1955-இல் வகைப்படுத்திக் காட்டினர். அம்முறைப்படி பூவன், ரஸ்தாளி, நேந்திரன் ஆகியவை ஏஏபி, மொந்தன், கற்பூரவல்லி ஆகியவை ஏபிபி, ரொபஸ்டா ஏஏஏ. இவை அனைத்தும் மூன்று தொகுதியும் 33 இழையும் உடையவை. விதையின்றியே காய் பருக்கும் குணமும் இவற்றிற்கு இயல்பாக அமைந்துள்ளது. பழத்தை நறுக்கினால் நடுவில் காணும் சிறு கரும்புள்ளிகள், விதையாகாமல் நின்றுபோன சூல்களின் அடையாளமே.

இதில் அனுகூலத்தோடு அபாயமும் கலந்திருக்கிறது. ஒரு கன்றிலிருந்து மறுகன்றாகத் தலைமுறை தலைமுறையாய் வந்த ரஸ்தாளித் தோட்டம் முழுவதும் உண்மையில் ஒரே செடியின் பல உடல்கள். ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். மண்ணில் தங்கிப் பரவும் வாடல் நோய்க்கு ரஸ்தாளி எளிதில் இரையாவது இதற்குச் சான்று. மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்காகப் பெருந்தோட்டங்களில் வளர்த்த குரோ மிஷேல் என்னும் ஒரே ரகம், இந்நோயினால் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாணிபத்திலிருந்தே மறைந்து, கேவண்டிஷ் வாழைக்கு இடம் கொடுத்தது. விதை வழியாகக் குணங்கள் கலந்து மாறும் பயிராயின் சில செடிகளாவது நோயைத் தாங்கி நிற்கக்கூடும். மும்மடிய வாழைக்கு அந்த வாய்ப்பு அரிது. ஆகையால், வாடல் கண்ட தோட்டத்திலிருந்து கன்று எடுப்பதும், இரவல் கன்றை விசாரியாமல் நடுவதும் தமக்குத் தாமே கேடு தேடிக்கொள்வதாகும். நோயற்ற தோட்டத்திலிருந்து, குறுகிய இலையுடைய ஈட்டிக்கன்றுகளையே தெரிந்தெடுக்க வேண்டும்.

நான்கு தொகுதியும் விதைக்கு உதவும்

பன்மடியம் யாவும் விதையற்றவை என்று கொண்டுவிடலாகாது. மூன்றில் வரும் தொல்லை நான்கில் தீர்ந்துவிடக்கூடும். இதற்கு இப்பக்கத்துப் புன்செய்களிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு.

முதலாவது, மல்லாட்டை என்று இங்கு வழங்கும் நிலக்கடலை. இதன் தாயகம் தென்னமெரிக்கா. அங்கே 20 இழைகளையுடைய இரண்டு வெவ்வேறு காட்டுக்கடலைகள் இயற்கையாகக் கலந்தன. பிறந்த கலப்புச்செடிக்கு 10-உம் 10-உமாக 20 இழைகள் இருந்தும், அவை வெவ்வேறு இனத்தவையாதலால் ஒன்றுக்கொன்று இணையாகவில்லை. பின்னர் ஒரு சமயம் அக்கலப்பில் எல்லா இழைகளும் இரட்டித்து 40 ஆயின. அதனால் ஒவ்வோர் இழைக்கும் தன்னையொத்த இணை வாய்த்தது, விதையும் பிடித்தது. அந்த நான்மடியச் செடியின் சந்ததியே உலகெங்கும் பயிராகும் நிலக்கடலை. அவ்விரண்டு காட்டினங்களின் மரபுப்பொருளை முழுவதும் வாசித்த முடிவு 2016-இல் வெளியாயிற்று; இவ்வரலாறு அதனால் உறுதிப்பட்டது.

இரண்டாவது, கேழ்வரகு. கிழக்கு ஆப்பிரிக்காவில் தோன்றிய இத்தானியம் 36 இழைகளை உடையது. வயல்வரப்புகளில் களையாக முளைக்கும், கேழ்வரகைப் போன்றே விரல்விரலாகக் கதிர் விடும் 18 இழைப் புல் ஒன்று அதன் முன்னோருள் ஒருவழிச் சொந்தம். நிலக்கடலையிலும் கேழ்வரகிலும் குடியானவர் தமது களத்து மணியையே விதைக்கு எடுத்து வைப்பது முற்றும் தகும். பொறுக்குமணியாகவும், நோயற்ற செடியிலிருந்தும் எடுக்கவேண்டும் என்பதே நிபந்தனை.

இக்கணக்கு நோய்த்தடுப்பிற்கும் துணைசெய்கிறது. நிலக்கடலையில் இலைப்புள்ளி நோயும் துரு நோயும் தழையை உதிர்த்து மகசூலைக் குறைப்பது யாவரும் அறிந்ததே. தென்னமெரிக்கக் காட்டுக்கடலைகளில் சில இந்நோய்களைத் தாங்கவல்லவை. ஆனால் காட்டுக்கடலைக்கு 20, நாட்டுக்கடலைக்கு 40. நேராகக் கலந்தால் பிறப்பது 30 இழையுள்ள மும்மடிய மலடு. இழைகளை இரட்டித்தும், பன்முறை நாட்டுக்கடலையோடு மீண்டும் கலந்தும், பொறுமையாகத் தெரிந்தெடுத்துமே இத்தடையைக் கடந்தனர். கர்நாடகத்திலுள்ள தார்வாடில் உருவான ஜி.பி.பி.டி-4 என்னும் ரகம், அவ்வாறு காட்டுக்கடலையின் குணத்தைப் பெற்ற பெற்றோரின் வழியில் வந்து, பின்பருவ இலைப்புள்ளியையும் துருவையும் தாங்கும் வலிமை கொண்டது.

கோயம்புத்தூரில் கரும்பு கற்பித்த பாடம்

பன்மடியத்தின் பயனை இந்தியா முதன்முதல் பெரிய அளவில் கண்டது கரும்பிலேயே. கோயம்புத்தூரில் 1912-ஆம் ஆண்டில் கரும்பு இனவிருத்தி நிலையம் ஏற்பட்டது. பார்பர் துரை அதன் முதல் நிபுணராக இருந்தார். அவருடன் வேலைசெய்து பின்னர் அப்பொறுப்பை ஏற்றவர் டி. எஸ். வெங்கட்ராமன். வடஇந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கும் கரும்பு வேண்டியிருந்தது. தடித்து இனிக்கும் வெள்ளைக் கரும்பையும், ஆற்றோரத்தில் தானே வளரும் நாணலையும் கலந்தனர். சர்க்கரை இல்லாத நாணலோடு கலப்பதை நகைத்தவர்களும் இருந்திருப்பர். பிறந்த கோ-205 என்னும் கரும்பு 1918-இல் வெளியாகிப் பஞ்சாபின் வயல்களில் ஓங்கி வளர்ந்தது.

அதன் உட்கணக்கு வியப்பிற்குரியது. வெள்ளைக் கரும்பு 80 இழைகளை உடையது. கோயம்புத்தூர் நாணல் 64 இழைகளை உடையது. முறைப்படி பாதிப்பாதி சேர்ந்தால் 40-உம் 32-உமாக 72 வரவேண்டும். ஆனால் பிள்ளைக்கு இருந்ததோ 112. தாயாகிய கரும்பு தன் பங்கைப் பிரிக்காமல் 80 இழைகளையும் முழுதாகக் கொடுக்க, நாணல் 32 மட்டும் கொடுத்தது. இதனாலேயே பிள்ளை தாயின் இனிப்பைப் பெரிதும் இழக்காமல் நாணலின் உரத்தையும் பெற்றது. 1934 முதல் 1939 வரை அந்நிலையத்தில் கரும்பின் இழைகளை ஆராய்ந்தவர் தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள் என்னும் பெண்மணி. கரும்பைப் பிற புற்களோடு கலந்து அவர் செய்த சோதனைகள் உலகப்புகழ் பெற்றன. பிற்காலத்தில் இங்கிலாந்தில் டார்லிங்டன் என்பவருடன் சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-இல் ஒரு பெருநூலை வெளியிட்டார்.

கரும்பு பூத்து விதை தரும் நாடுகளுள் நம் நாடும் ஒன்று. எனினும் அவ்விதையில் முளைக்கும் ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாயிருக்கும். ஆயிரம் நாற்றில் ஒன்று தேறுவதும் அரிது. விதை ஆராய்ச்சிக்காரருக்கு உரியது. கரணை குடியானவருக்கு உரியது. அந்நிலையம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கோ-86032 போன்ற ரகங்கள் தமிழ்நாடெங்கும் குணம் மாறாமல் பரவியது கரணையினாலேயே.

செங்காந்தளின் நஞ்சு

இழைகளை இரட்டிப்பது இயற்கையில் எப்போதோ நேரும் செயல். அதனை மனிதன் தன் விருப்பப்படி செய்யும் வழி 1937-இல் தெளிவாயிற்று. பிளேக்ஸ்லி, ஏவரி ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகள் கொல்கிசின் என்னும் மருந்தைக் குருத்துகளில் இட்டபோது, இழைகள் இரட்டித்த பின்னும் உயிரணு இரண்டாகப் பிரியாமல் நின்று, தொகுதிகள் இருமடங்காயின. கொல்கிசின் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் அது உள்ளது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர் முதலிய இடங்களில் அதன் விதைக்காகவே பயிரிடப்படுகிறது. அது கொடிய நஞ்சு. குடியானவர்கள் கண்வலிக்கிழங்கை அரைத்துச் செடிகளில் தடவிச் சோதனை செய்ய எக்காரணம் கொண்டும் முற்படலாகாது. ஆராய்ச்சி நிலையங்களிலேயே அது கவனமாகக் கையாளத்தக்கது.

இம்மருந்தின் உதவியால் ஜப்பானிய விஞ்ஞானி கிஹாரா விதையில்லாத் தர்பூசணியை உண்டாக்கி, 1951-இல் அம்முறையை வெளியிட்டார். 22 இழையுள்ள தர்பூசணியை 44 ஆக்கி, அதனை மீண்டும் 22 இழையுள்ளதோடு கலந்தால் 33 இழையுள்ள மும்மடிய விதை கிடைக்கும். அவ்விதையை நட்டால் வரும் கொடியின் பழத்தில் முற்றிய விதை இராது. இதனைப் பயிரிடுவோர் இரண்டு விஷயங்களை மறத்தலாகாது. விதையை ஒவ்வொரு பட்டத்திற்கும் விலைக்கே வாங்கவேண்டும். அன்றியும், அதன் மகரந்தம் பயனற்றதாதலால், பழம் பிடிக்கும்பொருட்டுச் சாதாரணத் தர்பூசணியையும் இடையிடையே வரிசையாக நடவேண்டும். இது தெரியாமல் முழுநிலத்திலும் விதையில்லா ரகத்தையே நட்டவர், கொடி மட்டும் படர்ந்து காய் பிடியாமல் வாடிநிற்பதைக் காண்பார்.

மடங்கு மிகுதலே மேன்மையன்று

தொகுதி பெருகினால் உயிரணு பெருக்கும், இலை தடிக்கும், பூவும் மணியும் பருக்கும். இதனைக் கேட்டவுடன் எல்லாப் பயிரையும் நான்மடியமாக்கினால் மகசூல் இரட்டிக்குமே என்று தோன்றலாம். அனுபவம் அதற்கு மாறானது. ஒரே இனத்தின் இழைகளை இரட்டித்த தானியப் பயிர்களில் மணி பருத்தும் பிடிப்பு குறைந்தும் போவதே பெரும்பாலும் காணப்பட்டது.

ஆரணித் தறிகளுக்கு மூலமாகிய பட்டுநூல் எந்தச் செடியின் தழையிலிருந்து வருகிறதோ அந்த மல்பெரியே இதற்குச் சரியான உதாரணம். சாதாரண மல்பெரி 28 இழைகளை உடையது. கருமல்பெரி என்னும் பழமரம் 308 இழைகளை, அதாவது 22 தொகுதிகளை உடையது; பட்டுப்புழு வளர்ப்பிலோ அதற்குச் சிறப்பிடம் இல்லை. கிழக்கிந்தியாவிற்கு ஏற்ற எஸ்-1635 என்னும் மும்மடிய ரகம் பெரிய தடித்த இலை தந்து அங்கே நற்பெயர் பெற்றது. ஆனால் மைசூர் ஆராய்ச்சி நிலையம் உண்டாக்கி, தென்னிந்தியாவில் பெரிதும் பரவிய வி-1 ரகம் இரண்டே தொகுதி உள்ளது. தழையின் அளவும், சத்தும், புழு அதனை விரும்பி உண்ணும் தன்மையும், நிலத்திற்கும் நீருக்கும் ஏற்ற பொருத்தமும் சேர்ந்தே ஒரு ரகத்தின் மேன்மையை நிர்ணயிக்கின்றன. தொகுதிக் கணக்கு அவற்றுள் ஒன்றே.

கவனிக்கவேண்டியவை

1. புதிய ரகம் எதனையும் வாங்குமுன், அது விதையினால் விருத்தியாவதா, கரணை, கன்று, குச்சியினால் விருத்தியாவதா என்று கேட்டறிக.

2. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் கதிரை விதைக்கு வைக்கற்க. கோ-4, கோ-5 என்ற பெயரில் எவரேனும் விதைப் பொட்டலம் விற்பாராயின், அதில் இருப்பது அவ்வொட்டுப்புல் அன்று.

3. வாழை, கரும்பு, மல்பெரி ஆகியவற்றில் தாய்ச்செடியின் நோய் பிள்ளைக்கும் வருமாதலால், நடுபொருள் எடுக்கும் தோட்டத்தை நேரில் பார்த்தே எடுக்க.

4. தோட்டம் முழுவதையும் ஒரே வாழை ரகத்தினால் நிரப்பாமல், இயன்றவரை இரண்டு மூன்று ரகங்களாகப் பிரித்து நடுக.

5. நிலக்கடலை, கேழ்வரகு முதலியவற்றில் சொந்த விதையைப் பொறுக்கி வைத்தல் சிக்கனமும் நன்மையுமாம்.

6. விதையில்லாத் தர்பூசணிக்கு ஆண்டுதோறும் புதுவிதையும், துணைக்குச் சாதாரண ரகமும் வேண்டும்.

கிராம அலுவலர்கள் இவ்விஷயங்களைக் கூட்டங்களில் எடுத்துக்கூறின், ஊருக்குப் பெரிய உபகாரமாகும். கிராமத்தில் ஒருவர் நல்ல ஒட்டுப்புல்லை வைத்திருந்தால், அவரது தூரிலிருந்தே அயலார் அனைவருக்கும் கரணை கொடுக்கலாம். அதற்கு அறுப்புக்கூலியும் சுமைகூலியுமன்றி வேறு செலவில்லை. முதலில் கூறிய குடியானவரும் தமது புல் முற்றியபோது கதிரைப் பறியாமல் தண்டை வெட்டியிருப்பாராயின், அக்கால் ஏக்கருக்கு வேண்டிய 3,400 கரணைகளும் அவர் கிணற்றடியிலேயே நின்றிருந்தன. நட்ட எண்பதாம் நாள், கோடை தொடங்குமுன், அவர் மாடுகளுக்குப் பசுந்தீவனம் கிடைத்திருக்கும்.